தலைவனின் குதிரையும் தலைவியின் நிலமும்

இடைக்கால அயர்லாந்தைக் களமாகக் கொண்ட காதல் புதினங்களுக்கு ஆங்கில நூற்சந்தையில் இன்னும் தேயாத ஓர் அச்சு உண்டு. தலைவன் ஐரிஷ் குறுநிலத் தலைவன்; காடே அவனுக்கு அரண்; சேணமில்லாத குதிரையில் மலைச்சரிவில் இறங்கி வருபவன். தலைவி பிரபுக் குடும்பத்தில் பிறந்தவள். பாதி ஆங்கிலேயக் குருதி, பாதி ஐரிஷ் குருதி. இரு குடிகளுக்கும் தீராப் பகை. சிறைபிடிப்பு, சினம், மெல்ல மெல்லக் கனிவு, இறுதி அத்தியாயத்தில் திருமணம். அத்துடன் நூல் முடிந்துவிடும்.

இவற்றை வாசிப்போரைப் பார்த்து வரலாற்றுத் துறையினர் புன்னகைப்பது வழக்கம். அந்தக் காலத்தில் காதலாவது கத்தரிக்காயாவது, எல்லாம் நிலத்துக்கான பேரம் என்பது அவர்கள் தரப்பு. இரு தரப்பும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோலத் தோன்றினாலும் செய்கிற பிழை ஒன்றே. புதினம் நிலத்தை மறைக்கிறது. ஆய்வேடு பெண்ணை மறைக்கிறது. ‘ஐரிஷ்’, ‘ஆங்கிலேயர்’ என்னும் இரண்டு பெட்டிகள் முன்பே இருந்தன, இந்தத் திருமணங்கள் அவற்றைக் கடந்து நிகழ்ந்தன என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. நடந்தது ஏறத்தாழ இதற்கு நேர்மாறு. திருமணங்கள் முன்னே நடந்தன. பெட்டிகளைச் சட்டம் பின்னர் செய்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஆர்ட் மக்மரோ கவானா, எலிசபெத் காஃப் ஆகியோரின் திருமணம். ஆர்ட், 14ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியிலிருந்து 1416ஆம் ஆண்டின் முடிவுவரை அயர்லாந்தின் தென்கிழக்கான லென்ஸ்டரின் அரசர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். டப்ளினில் இருந்த ஆங்கிலேய நிர்வாகத்தின் உறக்கத்தைக் கெடுத்தவர். எலிசபெத், கில்டேர் பகுதியின் தெற்கே பாரோ ஆற்றுச் சமவெளியை ஒட்டிய நோராக் என்னும் பாரனியின் வாரிசு, முதற்கணவரை இழந்தவர். ஆண் வாரிசு இல்லாத வீட்டின் மகளாதலால் நிலம் அவரிடம் வந்தது. அவருடைய குடும்பப் பெயர் பிரெஞ்சில் ‘லெ வீல்’ என்றும் ஆங்கிலத்தில் ‘காஃப்’ என்றும் எழுதப்பட்டது. இரண்டுக்கும் பொருள் கன்று. அயர்லாந்தின் ‘ஆங்கிலேயர்’ என்போர் எவ்வளவு ஆங்கிலேயர் என்பதை அந்தப் பெயரே ஓரளவு சொல்லிவிடுகிறது.

1390 வாக்கில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அரசரின் ஐரிஷ் பகைவர்களில் முதன்மையான ஒருவரை மணந்தார் என்ற காரணத்துக்காக எலிசபெத்தின் நிலம் பறிமுதலானது. புதினம் முடிகிற இடத்தில்தான் ஆவணம் தொடங்குகிறது.

பறிமுதலுக்கு ஆதாரமாக நின்றது 1366இல் கில்கென்னி நகரில் கூடிய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத் தொகுப்பு. அயர்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் ஐரிஷ் மக்களோடு மண உறவு கொள்ளக்கூடாது, பிள்ளைகளை அவர்கள் வீட்டில் வளரவிடக்கூடாது, ஞானத்தந்தை, ஞானத்தாய் உறவு பூணக்கூடாது, மீறுவது இராஜத்துரோகம். ஆங்கிலமே பேசவேண்டும், பேசாதவரின் நிலம், அவர் அம்மொழியைக் கற்கும்வரை அல்லது கற்பதற்குப் பிணை தரும்வரை, பறிக்கப்படும். ஐரிஷ் பெயர் கூடாது, ஐரிஷ் நீதிமுறை கூடாது, சேணமில்லாமல் குதிரை ஏறக்கூடாது, ஐரிஷ் பாணர்களை வீட்டில் சேர்க்கக்கூடாது. ஆங்கிலம் பேசாதவரைத் தண்டிக்கும் இந்தச் சட்டம் முழுவதும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது என்பதை மாணவர்கள் முதல்முறை அறியும்போது வகுப்பில் சிரிப்பு எழுவது இயல்பு.

தடைச் சட்டத்தை வாசிப்பதில் ஓர் அடிப்படை நெறி உண்டு. யாரும் செய்யாத ஒன்றை எந்த நாடாளுமன்றமும் தடை செய்வதில்லை. பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ, தடுக்கப்பட்ட செயல் அவ்வளவு பரவலாக இருந்தது என்று பொருள். கில்கென்னிச் சட்டத்தை இரு இனங்களுக்கு நடுவே எழுந்த மதிலாகப் படிப்பதைவிட, இரு இனமாகப் பிரிக்கமுடியாதபடி கலந்துபோன ஒரு சமூகத்தின் குடும்ப வாழ்க்கை குறித்த விரிவான சாட்சியமாகப் படிப்பதே பொருத்தம்.

சாட்சியம் சட்டத்தை இயற்றியவரின் வீட்டிலிருந்தே தொடங்குகிறது. அந்த நாடாளுமன்றத்தைக் கூட்டியவர் மூன்றாம் எட்வர்டு மன்னரின் மகன் லயனல், கிளாரன்ஸ் கோமகன். அவருக்கு அயர்லாந்தில் அல்ஸ்டர் என்னும் பெருநிலம் கிடைத்தது மனைவி எலிசபெத் டி பர்க் வழியாக. சட்டம் இயற்றப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்த அம்மையார் இறந்துவிட்டார். அவருடைய பாட்டி டி கிளேர் குலத்தவர். அந்தக் குலத்தின் கொடிவழியில் பின்னோக்கிச் சென்றால் மார்ஷல் குடும்பத்தின் ஊடாக 12ஆம் நூற்றாண்டின் ஈஃபாவிடம் போய்ச் சேரலாம். ஈஃபா, லென்ஸ்டர் அரசர் டெர்மட் மக்மரோவின் மகள். ஆர்ட் மக்மரோவோ அதே டெர்மட்டின் மகன் டோனலின் வழியில் வந்தவர். ஆக, மணத்தடைச் சட்டத்தின் தலைவர் மணந்த பெண்ணும், அந்தச் சட்டத்தால் மனைவியின் நிலத்தை இழந்த அரசரும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள்.

இதை வெறும் வம்சாவளி வேடிக்கையாகக் கடந்துவிட முடியாது. அயர்லாந்தில் ஆங்கில ஆட்சியின் வேரே ஒரு திருமணத்தில் இருக்கிறது. 1170 ஆகஸ்டில் வாட்டர்ஃபோர்டு நகரம் வீழ்ந்ததும், ஸ்ட்ராங்போ என்று பெயர்பெற்ற ரிச்சர்டு டி கிளேருக்கு டெர்மட் தம் மகள் ஈஃபாவை மணம் முடித்துக்கொடுத்தார். டேனியல் மக்லீஸ் 1854இல் தீட்டிய பெரும் ஓவியம் இன்றும் டப்ளின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மணமக்களைச் சுற்றிப் பிணங்கள் கிடக்க, ஈஃபா தலை கவிழ்ந்து நிற்கிறார். அடுத்த ஆண்டு டெர்மட் இறந்தபோது, மருமகன் லென்ஸ்டரையே தமதாக்கிக்கொண்டார்.

எந்தச் சட்டத்தின்படி என்பதுதான் கேள்வி. ஐரிஷ் மரபில் அரசுரிமை மகள் வழியாக மருமகனுக்குப் போவதில்லை. அரச குலத்தின் ஆண் உறுப்பினர்களுக்குள் தகுதியானவர் தேர்ந்தெடுக்கப்படுவார். ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கணக்கு வேறு. மகன் இல்லாவிட்டால் மகளுக்கு நிலம். மகள் மணந்தால் அதை ஆளும் உரிமை கணவனுக்கு. டெர்மட்டுக்கு டோனல் என்ற மகன் இருந்தார். ஐரிஷ் மரபு அவரை ஏற்றது, வந்தவர்களின் சட்டம் அவரை முறைப்படி பிறந்த வாரிசாக ஏற்கவில்லை. ஒரு பெண்ணின் கழுத்தில் விழுந்த மாலை ஒரு நாட்டின் உரிமைப் பத்திரமாயிற்று. இந்தத் திருமணத்தின் வலிமையை இரண்டாம் ஹென்றி மன்னர் உடனே உணர்ந்தார் என்பதற்கு, 1171 அக்டோபரில் அவரே கடல் கடந்து வந்து ஸ்ட்ராங்போவைத் தம் பிடிக்குள் கொண்டுவந்ததே சான்று.

220 ஆண்டுகள் கழித்து ஆர்ட் மக்மரோ செய்தது இதன் மறுபிரதி. ஐரிஷ் மரபில் அரசரானவர், ஆங்கிலச் சட்டத்தின் வழியாக மனைவியின் நிலத்துக்கு உரிமை கோரினார். ஸ்ட்ராங்போ லென்ஸ்டரைப் பெற்ற அதே வாசல் வழியாக லென்ஸ்டரின் அரசர் நோராக்குக்குள் நுழைந்தார். டப்ளின் நிர்வாகத்தின் அச்சத்துக்குக் காரணம் காட்டுமிராண்டித்தனம் அன்று. எதிரி தங்கள் சட்டத்தைத் தங்களைவிட நன்றாகப் படித்துவிட்டார் என்பதே. நோராக் வெறும் வயற்காடும் அன்று. டப்ளினிலிருந்து தெற்கே கில்கென்னி, வாட்டர்ஃபோர்டு ஆகிய நகரங்களுக்குச் செல்லும் பாதை பாரோ சமவெளி வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதையின் ஓரத்தில் உள்ள பாரனி, வாளின்றி, ஒரு தேவாலயச் சடங்கின் மூலம் கைமாறியது.

ஆங்கிலப் பொதுச்சட்டம் நிலத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தது. அந்தப் பெண் யாரை மணப்பார் என்பதை முழுமையாகக் கட்டுப்படுத்த அதனால் முடியவில்லை. கைம்பெண்ணை வலிந்து மணம் முடிக்கக்கூடாது என்ற மகா சாசனத்தின் விதி அயர்லாந்துக்கும் வந்துசேர்ந்திருந்தது. கன்னிப் பெண்ணுக்கு இல்லாத சிறு இடைவெளி கைம்பெண்ணுக்கு இருந்தது. எலிசபெத் நின்றது அந்த இடைவெளியில். மண உறவை இராஜத்துரோகமாக்கிய 1366ஆம் ஆண்டு விதி, வேலியில் இருந்த இந்த ஒற்றைத் திறப்பை அடைக்கும் முள். கூர்ந்து பார்த்தால், கில்கென்னிச் சட்டத்தின் மணத்தடை காதலுக்கு எதிரானதும் அன்று, இனத்தூய்மைக்கானதும் அன்று. முதலாவதாகவும் முதன்மையாகவும் அது வாரிசுப் பெண்களுக்கு எதிரானது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஆங்கிலேயரை மணந்த ஐரிஷ் பெண்ணின் நிலை என்ன? பொதுச்சட்டப்படி கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள்வரை கைம்பெண்ணுக்கு உரியது. அந்தப் பங்கைக் கேட்டு வழக்குத் தொடுத்தவரிடம், “இவள் ஐரிஷ்காரி” என்று எதிர்த்தரப்பு சொன்னால் வழக்கு அடிபட்டுப்போகும். ஆங்கிலச் சட்டத்தின் காப்பு தனக்கு அரசாணையால் வழங்கப்பட்டது என்று அவள் மெய்ப்பித்தாக வேண்டும். ‘ஐரிஷ்’ என்பது அங்கே பிறப்பைக் குறிக்கும் சொல்லாக மட்டும் இல்லை. நீதிமன்றத்தில் பங்காளிகள் கையிலெடுக்கும் ஆயுதமாக இருந்தது. ஐந்து அரச குலங்களுக்கு மட்டும் இந்தத் தடையிலிருந்து விலக்கு இருந்ததாகக் கொள்ளப்பட்டது. லென்ஸ்டரின் மக்மரோ குலம் அந்த ஐந்தில் ஒன்று. ஆர்ட் தம் உரிமையை ஆங்கிலச் சட்டத்தின் மொழியில் பேசியது ஏன் என்பது இதனால் மேலும் விளங்கும்.

ஐரிஷ் நீதி மரபோ இத்தகைய இணைகளை எண்ணிப் பார்த்து வகைப்படுத்தியிருந்தது. கான் லானவ்னா என்னும் சட்டநூல் ஏறத்தாழ கி.பி. 700ஐச் சேர்ந்தது. மண உறவுகளை அது சொத்தின் அடிப்படையில் தொடங்கிப் பிரிக்கிறது: இருவரும் சொத்துக் கொண்டுவரும் இணை, பெண் ஆணின் சொத்தில் வாழும் இணை, ஆண் பெண்ணின் சொத்தில் வாழும் இணை. மூன்றாவது வகையில் முடிவெடுக்கும் உரிமை பெண்ணின் பக்கம் சாய்ந்திருந்தது. நிலத்தோடு வரும் பெண்ணுக்கு அந்த மரபில் ஒரு பெயரும் இடமும் முன்பே இருந்தன. ஐரிஷ் சமூகம் பெண்களுக்குப் பொற்காலம் என்று இதைக்கொண்டு சொல்லிவிடக்கூடாது; தேசிய எழுச்சிக்கால எழுத்தாளர்கள் சிலர் அந்த மயக்கத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள். அதே மரபு அரசுரிமையிலிருந்து பெண்ணை அறவே விலக்கிவைத்தது. ஆனால், நிலமும் அன்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் அந்தச் சட்டநூலுக்குத் தெரியாது. அது பின்னாளின் எண்ணம். ‘உண்மைக் காதலா, சொத்துக்கான மணமா’ என்று கேட்கும் இன்றைய ஆய்வாளர் அறியாமலே அதைச் சுமந்துகொண்டு போகிறார்.

1394 அக்டோபரில் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் பெரும்படையுடன் வாட்டர்ஃபோர்டில் வந்து இறங்கினார். 1210இல் ஜான் மன்னர் வந்தபின் அயர்லாந்து மண்ணில் கால்வைத்த முதல் ஆங்கில மன்னர் அவரே. காடுகள் எரிந்தன, மந்தைகள் கவரப்பட்டன. 1395 ஜனவரியில் ஆர்ட் பணிந்து உடன்பாட்டுக்கு வந்தார். லென்ஸ்டரை விட்டு வெளியேறவேண்டும், அரசரின் பகைவர்களோடு வேறிடத்தில் போரிட்டு வென்ற நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்பவை நிபந்தனைகள். பதிலாக ஆண்டுக்கு 80 மார்க் பணம், அத்துடன் மனைவியின் உரிமையான நோராக் பாரனி. ஒரு மாநிலத்தின் போரையும் அமைதியையும் வரையறுக்கும் உடன்படிக்கையில் ஒரு பெண்ணின் பிறப்புரிமை தனி விதியாக இடம்பெறுகிறது. துரோகம் என்று சட்டம் சொன்ன திருமணத்தை அரசரே ஏற்றுக்கொண்டார் என்றல்லவா இதற்குப் பொருள்?

அந்த அமைதி நிலைக்கவில்லை. 1398 ஜூலையில் லயனலின் பேரன், மார்ச் பிரபு ரோஜர் மார்ட்டிமர், லென்ஸ்டர் ஐரிஷ் படையின் கையில் மாண்டார். கொடிவழிப்படி அவரும் டெர்மட் மக்மரோவின் வழித்தோன்றலே. மறு ஆண்டு ரிச்சர்டு மீண்டும் படை நடத்தி வந்தார். அப்போது உடன்வந்த பிரெஞ்சுக்காரர் ழான் க்ரெத்தோன், ஆர்ட்டைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். இரு காடுகளுக்கு நடுவே மலைச்சரிவில் சேணமில்லாத குதிரை பாய்ந்து வருகிறது. அதன் விலை 400 பசுக்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. ஏறிவருபவர் கையில் நீண்ட எறிவேல். பிரித்தானிய நூலகத்திலுள்ள அந்தச் சுவடியில் இக்காட்சி ஓவியமாகவும் இருக்கிறது. இன்றைய புதினங்களின் அட்டையில் வரும் தலைவனுக்கு மூல முன்னோர் யார் என்று தேடினால் இந்தப் பக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். பேச்சுவார்த்தை முறிந்தது. ரிச்சர்டு அயர்லாந்தில் இருக்கும்போதே போலிங்புரோக் ஹென்றி இங்கிலாந்தில் இறங்கினார். ரிச்சர்டின் முடி போயிற்று.

ஒரு பெண்ணின் நிலத்துக்காகத் தொடங்கிய பூசலால் ஓர் அரசர் முடியிழந்தார் என்று கதைகட்ட இது வாகான இடம். அந்தச் சபலத்துக்கு இடம் தரக்கூடாது. அயர்லாந்து வரலாறு ஏற்கெனவே ஒருமுறை அதில் வழுக்கி விழுந்திருக்கிறது. 1152இல் டெர்மட் மக்மரோ, டெர்வோர்கிலா என்ற அரசியை அவர் கணவர் ஓ’ரூர்க்கிடமிருந்து கொண்டுசென்றார். டெர்மட் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டதும் ஆங்கிலேயரின் உதவியை நாடியதும் 1166இல். இடையே 14 ஆண்டுகள், எத்தனையோ போர்கள். ஆயினும் ஜெரால்டு ஆஃப் வேல்ஸ் முதல் பின்வந்த பலரும், நாடு அடிமைப்பட்ட பழியை அந்தப் பெண்ணின் தலையில் வைத்தார்கள். லேடி கிரகரியின் 1907ஆம் ஆண்டு நாடகத்தில்கூட அவர் குற்றவுணர்வில் கரையும் முதியவளாகவே வருகிறார். க்ளான்மக்னாய்ஸில் 1167இல் அவர் கட்டுவித்த கன்னியர் தேவாலயத்தின் செதுக்கு வேலைப்பாடு பற்றிப் பேசுவோர் குறைவு. எலிசபெத்துக்கு இந்தப் பழி நேராமல் போனதற்குக் காரணம் எழுதியவர்களின் நல்லெண்ணம் அன்று. அவரை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

ஆர்ட்டின் மரணத்தை நான்கு ஆசிரியர்களின் ஆண்டுக்குறிப்பு நீண்ட புகழுரையோடு பதிவுசெய்கிறது: பதினாறு வயதிலிருந்து அறுபது வயதுவரை தம் மாநிலத்தைக் காத்தவர், விருந்தோம்பலில் சிறந்தவர், தேவாலயங்களுக்குக் கொடையளித்தவர். நியூ ராஸ் நகரில் ஒரு பெண் கொடுத்த நச்சுப் பானத்தால் அவரும் அவருடைய நீதியறிஞர் ஓ’டோரனும் இறந்ததாகச் சிலர் சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறது. நஞ்சு கொடுத்ததாக வதந்தியில் வரும் பெயரற்ற பெண்ணுக்கு அந்தக் குறிப்பில் இடம் உண்டு. பாரனியோடு வந்த மனைவிக்கு இல்லை. அகத்திணை மரபில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டுவதில்லை. உள்ளம் மட்டும் பேசும். இங்கே ஆங்கிலேய அலுவலர் ஏடுகளில் எலிசபெத்தின் பெயரும் நிலமும் இருக்கின்றன. உள்ளத்துக்குத்தான் வரி இல்லை.

அப்படியானால் ‘பாதி ஆங்கிலேயப் பெண்’ என்ற புதினத்தின் சொல்லாட்சியே தவறா? அதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு பெயர் இருந்தது. 1317 வாக்கில் டோனல் ஓ’நீல் போப் 22ஆம் ஜானுக்கு அனுப்பிய முறையீட்டில், அயர்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் தங்களை ‘நடுச் சாதியினர்’ என்று அழைத்துக்கொள்வதாகக் குறிப்பிடுகிறார். இங்கும் இல்லை, அங்கும் இல்லை என்பது ஏக்கமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. அது ஒரு தரப்பாகவும் இருக்கலாம். கில்கென்னிச் சட்டம் வந்த மறு ஆண்டே அயர்லாந்தின் நீதித்தலைவராக நியமனம் பெற்றவர் டெஸ்மண்டின் மூன்றாம் பிரபு ஜெரால்டு. ஐரிஷ் மொழியில் கவிதை எழுதியவர். பிரெஞ்சு அரசவைக் காதல் மரபின் சாயலை அந்த மொழிக்குக் கொண்டுசேர்த்தவர்களில் முன்னோடி. 1388இல் தம் மகனைத் தோமண்டின் ஓ’பிரையன் வீட்டில் வளர்க்க அனுப்புவதற்கு அரசரிடமே அனுமதி வாங்கினார். தடையும் அரசருடையது, விலக்கும் அரசருடையது. வேண்டியவருக்கு விலக்கு, வேண்டாதவருக்குப் பறிமுதல். 1495இல் பாய்னிங்ஸ் நாடாளுமன்றம் கில்கென்னிச் சட்டத்தை மறுபடி உறுதிசெய்தபோது மொழித் தடையைச் சத்தமில்லாமல் விலக்கி வைத்தது. ஐரிஷ் பேசாதவரைத் தேடிப் பிடிக்கவேண்டிய நிலை வந்துவிட்டது. மணத்தடை மட்டும் 1613இல் கூடிய நாடாளுமன்றம் நீக்கும்வரை ஏட்டில் இருந்தது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறைகளில் அயர்லாந்து பெரும்பாலும் யேட்ஸோடும் ஜாய்ஸோடும் தொடங்குகிறது. ஸ்பென்சர் வேறொரு தாளில் வருகிறார். அவர் கார்க் பகுதியில் குடியேற்ற நிலக்கிழாராக இருந்ததும், 1596இல் அயர்லாந்து பற்றி எழுதிய உரையாடல் நூலும் அந்தத் தாளில் பெரும்பாலும் அடிக்குறிப்பு. செவிலியின் பாலோடு குழந்தை அவள் மொழியையும் இயல்பையும் குடித்துவிடுகிறது, ஐரிஷ் பெண்களை மணந்ததால்தான் பழைய ஆங்கிலேயர் கெட்டுப்போனார்கள் என்று அந்த நூல் வாதிடுகிறது. 1366இல் நிலத்தைக் காக்க எழுந்த தடை, இரண்டு நூற்றாண்டுகள் கழித்துக் குருதியையும் பாலையும் பற்றிய கோட்பாடாக முதிர்ந்துவிட்டதை அங்கே காணலாம். இந்த நகர்வைக் காணாமல், இனம் என்ற கருத்து முதலிலிருந்தே இருந்தது என்று எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதும் மாணவர், ஸ்பென்சரின் கண்ணாடியை அணிந்துகொண்டு ஸ்பென்சரைப் படிக்கிறார். பேரரசும் கலப்பு மணமும் பற்றி ஆய்வுத் தலைப்புகள் பெருகிவரும் இந்நாளில் இது சிறிய பிழை அன்று. ‘கலப்பு’ என்ற சொல்லே, கலப்பதற்கு முன் தூய இரண்டு இருந்தன என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சட்டத்தையும் சொத்தையும் இப்படி அலசியபின் மனிதருக்கு என்ன மிச்சம், புதினமாவது ஒரு பெண்ணின் விருப்பத்தைப் பேசுகிறதே என்று கேட்பது நியாயம். எலிசபெத் ஆர்ட்டை விரும்பினாரா என்று ஏடு சொல்லவில்லை. அவர் செய்தது மட்டும் தெரிகிறது. தம் சட்டம் துரோகம் என்று பெயரிட்ட மணத்தை ஒரு பாரனியின் வாரிசு செய்துகொண்டார்; நிலம் போயிற்று; உடன்படிக்கையில் அவர் பெயரால் அது மறுபடி கேட்கப்பட்டது. விருப்பத்தின் தடத்தைச் செயலில் தேடுவது வரலாற்றாசிரியருக்குப் பழக்கமான வேலை. ஆண்கள் விஷயத்தில் அது தயங்காமல் நடக்கிறது. போருக்குப் போனவனின் வீரத்தை அவன் கடிதம் எழுதாவிட்டாலும் ஒப்புக்கொள்கிறார்கள். நிலத்தைப் பணயம் வைத்தவளின் துணிவுக்கு மட்டும் எழுத்துச் சான்று கேட்கிறார்கள்.

அரிதாக ஒரு குரல் கேட்கவும் செய்கிறது, எதிர்பாராத இடத்திலிருந்து. 1395இல் இங்கிலாந்து அரசவைக்கு வந்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார், ஹென்றி கிறிஸ்டீட் என்ற வீரரைச் சந்தித்து அவர் சொன்னதை எழுதிவைத்தார். இளமையில் அயர்லாந்துப் போரில் கிறிஸ்டீட்டின் குதிரை மிரண்டு அவரை எதிரிகளுக்கு நடுவே கொண்டுபோயிற்று. பிரின் காஸ்டெரெட் என்ற ஐரிஷ்காரர் அந்தக் குதிரையிலேயே பின்னால் தாவி ஏறி அவரைச் சிறைபிடித்தார். ஏழு ஆண்டுகள் தம் வீட்டில் வைத்திருந்து, மகளையும் மணம் முடித்துக்கொடுத்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. பின்னொரு போரில் காஸ்டெரெட் அதே குதிரையின்மேல் பிடிபட, ஆங்கிலேயர் குதிரையை அடையாளம் கண்டுகொண்டார்கள். மருமகனைக் குடும்பத்தோடு விட்டால் விடுதலை என்றார்கள். காஸ்டெரெட்டுக்கு மனமில்லை, மருமகனை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கடைசியில் ஒரு பேத்தியைத் தம்மோடு வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பச் சம்மதித்தார்.

புதினத்தின் அச்சை அப்படியே தலைகீழாக்கிய கதை இது. சிறைபட்டவன் ஆங்கிலேயன், மணமகள் ஐரிஷ் வீட்டுப் பெண், பாதி ஆங்கிலேயப் பெண்கள் அவர்களுக்குப் பிறந்த மகள்கள், கடலின் இரு கரைகளிலும் ஒவ்வொருத்தி. பணிந்துவந்த நான்கு ஐரிஷ் அரசர்களுக்கு டப்ளினில் வீரப்பட்டம் சூட்டுவதற்கு முன், ஆங்கில அரசவைப் பழக்கங்களைக் கற்பிக்க மன்னர் தேர்ந்தெடுத்தது இந்தக் கிறிஸ்டீட்டைத்தான். அவருக்கு ஐரிஷ் தெரியும் என்பதே காரணம். எத்தகைய மணத்தைச் சட்டம் துரோகம் என்றதோ, அத்தகைய மணமே அவரை அரசருக்குப் பயன்படுபவராக ஆக்கியது. பாணர்களோடும் பணியாளரோடும் ஒரே மேசையில் உண்ட அந்த அரசர்களை அவர் தனித்தனியே அமரச்செய்தார் என்பதையும் ஃப்ருவாசார் பெருமையாகவே எழுதுகிறார்.

ஏழாண்டுச் சிறையில் கற்ற மொழி இன்னும் எப்படி நாவில் இருக்கிறது என்பதற்குக் கிறிஸ்டீட் சொன்ன விளக்கம் எளியது. பிரிஸ்டல் நகரில் குடியேறியபின்னும் மனைவியோடு எப்போதும் ஐரிஷ் மொழியிலேயே பேசிவந்தார். பேரப்பிள்ளைகளுக்கும் முடிந்தவரை அதையே பழக்கினார்.